நாளுக்கு 25 டாலர், செலவு தனி

கேள்வி இதுதான்: மழை, தொப்பி, மேசை டிராயரில் விஸ்கி, பொய் சொல்லும் அழகி, நக்கலாகக் கதை சொல்லும் ‘நான்’ எல்லாவற்றையும் வைத்து எழுதினாலும் ஹார்ட்பாயில்ட் (உணர்ச்சிவசப்படாத, கறாரான அமெரிக்க பாணி) துப்பறியும் கதை ஏன் நகல் மாதிரியே வருகிறது? இந்த வகையின் முன்னோடி எழுத்தாளர்களான ஹாமெட்டிடமும் சாண்ட்லரிடமும் இருப்பது எது, நகலில் விட்டுப்போவது எது?

விட்டுப்போவது வேலை. அமெரிக்கத் தனியார் துப்பறிவாளன் கூலிக்கு உழைக்கிறவன். அவனை அமர்த்தியது யார், எவ்வளவு கொடுத்தார்கள், எதை மறைத்தார்கள் என்பதிலிருந்துதான் கதையும் கிளம்புகிறது, அவன் பேசும் விதமும் கிளம்புகிறது. நகலெடுப்பவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலையை விட்டுவிடுகிறார்கள். (கீழே ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் முடிவைச் சொல்லப்போகிறேன். படிக்காதவர்கள் அதைப் படித்துவிட்டு வருவது நல்லது. சின்னப் புத்தகம்தான்.)

இந்த வகை பிறந்த இடம் ‘பிளாக் மாஸ்க்’ என்ற மலிவு விலைப் பத்திரிகை. எச். எல். மென்கனும் ஜார்ஜ் ஜீன் நாதனும் தங்கள் இலக்கியப் பத்திரிகையான ‘தி ஸ்மார்ட் செட்’டின் பணமுடையைச் சமாளிக்க 1920-இல் இதை ஆரம்பித்து, சில மாதங்களிலேயே விற்றுவிட்டார்கள். 1923-இல் இரண்டு துப்பறிவாளர்கள் இதில் பிறந்தார்கள். கேரல் ஜான் டேலியின் ரேஸ் வில்லியம்ஸ் ஜூன் 1 இதழில் அறிமுகமானான். டேஷியல் ஹாமெட்டின் பெயரில்லாத துப்பறிவாளன், கான்டினென்டல் ஏஜென்சியின் ஊழியன் என்பதால் ‘கான்டினென்டல் ஆப்’ என்று அழைக்கப்படுகிறவன், அக்டோபர் 1 இதழில் வந்தான். அந்தக் கதைக்கு ஹாமெட் வைத்துக்கொண்ட புனைபெயர் பீட்டர் காலின்சன்.

முந்தியவர் டேலிதான். அவருடைய நாயகன் சுடுவான், வீர வசனம் பேசுவான், மறுபடி சுடுவான். அன்றைய வாசகர்கள் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். இன்றைக்கு அவனை வேலை மெனக்கெட்டுத் தேடிப் படிக்கிறவர்கள் ஆராய்ச்சியாளர்கள் மட்டுமே. ஹாமெட் நிலைத்ததற்குக் காரணம், அவர் அந்த வேலையைச் செய்தவர். 1915-இல் பால்டிமோரில் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்து, ராணுவ சேவையும் காசநோயும் நடுவில் குறுக்கிட, 1922 வரை விட்டுவிட்டு அங்கே வேலை பார்த்தார்.

அந்த வேலை எப்படிப்பட்டது என்று 1923 மார்ச் ‘ஸ்மார்ட் செட்’டில் துணுக்குகளாக எழுதினார். ஒரு காவல்துறைத் தலைவர் தேடவேண்டிய ஆளின் அங்க அடையாளங்களைக் கழுத்திலுள்ள மச்சம் வரை விவரித்தாராம்; அவனுக்கு ஒரு கைதான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டாராம். இன்னொரு துணுக்கில், ஞாயிற்றுக்கிழமை கிராமப்புறமாக நடக்கப்போன ஒருவனை ஹாமெட் பின்தொடர்கிறார். அவன் வழி தவறிவிடுகிறான். கடைசியில் பின்தொடர்ந்தவரே அவனுக்கு ஊர் திரும்ப வழி சொல்ல வேண்டியிருக்கிறது. டேலியின் நாயகனுக்கு இப்படி ஒன்று நடக்கவே நடக்காது.

பின்தொடர்வதற்கு கான்டினென்டல் ஆப் 1924-இல் ஒரு கதையில் நான்கு விதிகள் சொல்கிறான். முடிந்தவரை ஆளுக்குப் பின்னாலேயே இரு. அவனிடமிருந்து ஒளிய முயலாதே. என்ன நடந்தாலும் இயல்பாக நடந்துகொள். அவன் கண்ணைப் பார்க்காதே. இரண்டாவது விதிதான் புதிதாக எழுதுகிறவர்களுக்குப் பிடிபடாதது. சினிமாவில் வருவது போலத் தூணுக்குப் பின்னால் பாய்ந்து மறைகிறவனைத்தான் தெருவில் எல்லாரும் பார்ப்பார்கள். நான்காவதும் அனுபவத்திலிருந்து வந்தது. ஒருமுறை கண்கள் சந்தித்துவிட்டால், அடுத்த தெருவில் அதே முகத்தை அவன் அடையாளம் கண்டுகொள்வான்.

இந்த மாதிரித் தொழிலறிவு வெறும் அலங்காரமாக நின்றுவிடுவதில்லை. ஹாமெட்டின் மிகச் சிறந்த புதிரையே அதுதான் அவிழ்க்கிறது. ‘மால்டீஸ் ஃபால்கன்’ 1929 செப்டம்பரிலிருந்து 1930 ஜனவரி வரை பிளாக் மாஸ்கில் தொடராக வந்து, 1930-இலேயே புத்தகமானது. அதன் இரண்டாவது அத்தியாயத்தில் அதிகாலை இரண்டு மணிக்கு, இருட்டில் தொலைபேசி அடிக்கிறது. நாயகனான துப்பறிவாளன் சாம் ஸ்பேட் பேசும் பாதி மட்டுமே நமக்குக் கேட்கிறது. விளக்கைப் போட்டு, நிதானமாக ஒரு சிகரெட் சுருட்டிப் பற்றவைத்த பிறகு கிளம்புகிறான். அவனுடைய கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சர் ஒரு முட்டுச்சந்தில் சுடப்பட்டுக் கிடக்கிறான். அங்கே நிற்கும் போலீஸ்காரர் டாம் போல்ஹாஸ் சொல்லும் விவரங்கள் இவ்வளவுதான்: நெருக்கத்திலிருந்து சுட்டதில் கோட் தீய்ந்திருக்கிறது, துப்பாக்கி இடுப்பில் வைத்தபடியே இருக்கிறது, ஓவர்கோட்டின் பொத்தான்கள் போட்டபடியே இருக்கின்றன.

அதற்குப் பிறகு கதை கறுப்புப் பறவைச் சிலை, மூன்று அயோக்கியர்கள், ஒரு கப்பல் என்று எங்கெங்கோ ஓடுகிறது. வாசகர் அந்தப் பொத்தான்களை மறந்துவிடுகிறார். ஸ்பேட் மறப்பதில்லை. ஆர்ச்சர் பெரிய புத்திசாலி இல்லை, ஆனால் பல வருட அனுபவமுள்ள துப்பறிவாளன். தான் பின்தொடரும் ஆளோடு, பொத்தானைக் கூடக் கழற்றாமல், துப்பாக்கியை எடுக்காமல் இருட்டு முட்டுச்சந்துக்குள் போகமாட்டான். போயிருந்தால் அவன் பயப்படத் தேவையில்லாத ஒருவர்தான் கூட்டிப்போயிருக்க வேண்டும். அந்த வேலையைக் கொடுத்த பெண், பிரிஜிட் ஓ’ஷானஸி. தடயம் முதல் இருபது முப்பது பக்கங்களுக்குள் வாசகர் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. ஹார்ட்பாயில்ட் கதையில் புதிர் முக்கியமில்லை, சூழல்தான் முக்கியம் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

அதே நாவலில் காசு போகும் வழியையும் தொடர்ந்து பாருங்கள். முதல் சந்திப்பில் அந்தப் பெண் இரண்டு நூறு டாலர் நோட்டுகளை வைக்கிறாள். அவள் போனதும் ஆர்ச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவள் கைப்பையில் இந்த நோட்டுக்கு அண்ணன் தம்பிகள் இருந்ததாகச் சொல்கிறான். அவள் சொன்ன கதை பொய் என்று தெரிந்ததும் ஸ்பேட் சொல்வதன் சாரம்: கதையை நாங்கள் நம்பவில்லை, 200 டாலரைத்தான் நம்பினோம், உண்மை சொல்கிறவள் இவ்வளவு தரமாட்டாள். பிறகு அவளிடமிருந்த 500 டாலரையும் வாங்கிக்கொள்கிறான். சிலையைத் தேடும் ஜோயல் கெய்ரோ முன்பணமாக 100 தருகிறேன் என்றால், 200 ஆக்கு என்கிறான். இப்போது எதிரெதிர்த் தரப்பில் இருக்கும் இருவர் பணமும் அவன் பையில். கடைசியில் கைமாறிய 10,000 டாலரில் மிஞ்சிய ஒரு ஆயிரம் டாலர் நோட்டையும், எனக்குக் கொடுக்கப்பட்ட லஞ்சம் இது என்று போலீஸிடம் ஒப்படைத்துவிடுகிறான்.

ஸ்பேட் நல்லவனா கெட்டவனா என்று ஹாமெட் ஒரு வரிகூட எழுதவில்லை. அவன் மனதுக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை. படர்க்கையில், வெளியிலிருந்து தெரிவதை மட்டும் எழுதுகிறார். அந்தப் பெண்ணைப் போலீஸில் ஒப்படைக்கும்போது ஸ்பேட் காரணங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சொல்கிறான். முதலில் வருவது, கூட்டாளியைக் கொன்றால் எதாவது செய்தாக வேண்டும் என்பது. அடுத்து, துப்பறியும் தொழிலில் இருப்பவன் தன் ஆளைக் கொன்றவரை விட்டுவிட்டால் தொழிலுக்கே கெடுதல் என்பது. நீதி, சத்தியம் என்றெல்லாம் பேச்சே இல்லை.

சரி, இப்படி ஒன்றை எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது? குற்றத்தை முதலில் தேதி, மணி வாரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது கதையில் அப்படியே வராது. துப்பறிவாளன் கதவைத் தட்டுவதற்கு முன்பே குற்றத்தின் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்க வேண்டும். அவன் நடுவில் வந்து சேர்கிறவன். அடுத்தது க்ளையண்டின் பொய். பொய் இல்லாவிட்டால் கதை நாற்பது பக்கத்தில் முடிந்துவிடும். பொய்க்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது க்ளையண்டின் பார்வையில் நியாயமாகப் பட வேண்டும். பிரிஜிட் இல்லாத ஒரு தங்கையைக் கண்டுபிடிக்கச் சொல்லி வருகிறாள். அவளுக்கு வேண்டியது, தன் கூட்டாளி தர்ஸ்பியைத் தன் தலையிலிருந்து இறக்கிவிட ஒரு வழி. பொய் கதையை நகர்த்துகிறது, பொய்க்குப் பின்னால் இருக்கும் தேவைதான் கதையை முடிக்கிறது.

மூன்றாவதாக, சந்திப்புகளின் சங்கிலி. இந்த வகை நாவலின் முதுகெலும்பே ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் பேசுவதுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு தகவலும் அடுத்த முகவரியும் கிடைக்க வேண்டும். அதோடு துப்பறிவாளனுக்கு ஏதாவது ஒரு இழப்பும் நேர வேண்டும்: காசு, நேரம், ஒரு அடி, ஒரு எதிரி, எதுவாகவும் இருக்கலாம். இழப்பே இல்லாத சந்திப்புகள் மூன்று தொடர்ந்து வந்தால் கதை விசாரணைக் கமிஷன் அறிக்கையாகிவிடும்.

இதற்கு நல்ல மாதிரி ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939). ஹாலிவுட் பூல்வார்டில் கைகர் என்பவன் அரிய புத்தகக் கடை வைத்திருக்கிறான். அது உண்மையில் வேறு ஏதோ வியாபாரம் என்று துப்பறிவாளன் பிலிப் மார்லோவுக்குச் சந்தேகம். உடைத்து உள்ளே நுழையவில்லை. முதலில் பொது நூலகத்துக்குப் போய் அரை மணி நேரம் முதல் பதிப்புகளைப் பற்றிப் படிக்கிறான். கடைக்குப் போய், 1860-இல் வந்த ‘பென் ஹர்’ மூன்றாம் பதிப்பு, 116-ஆம் பக்கத்தில் ஒரு வரி இரட்டித்திருக்குமே, இருக்கிறதா என்று கேட்கிறான். ‘பென் ஹர்’ வெளியானதே 1880-இல்தான். கடைப்பெண் இப்போதைக்கு இல்லை என்கிறாள். அருகிலேயே இன்னொரு புத்தகக் கடையில் அதே கேள்வி. அங்கிருப்பவள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்படி ஒரு பதிப்பே கிடையாது என்கிறாள். முடிந்தது. கைகர் கடையில் இருப்பவர்களுக்குப் புத்தகம் தெரியாது. இந்த இரண்டு கடைகளுக்கும் நடுவில் மார்லோ கைகர் கடைக்கு வெளியே காத்திருந்து, பொட்டலத்தோடு வரும் ஒரு வாடிக்கையாளரைப் பின்தொடர்கிறான். ஒரு குண்டுகூட வெடிக்காத இந்தச் சில பக்கங்கள்தான் ஒரு தொழிலாளியின் ஒரு நாள்.

மார்லோவுக்கு 33 வயது. மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்து, சொன்ன பேச்சு கேட்காததால் நீக்கப்பட்டவன். கூலி நாளுக்கு 25 டாலர், செலவு தனி. இந்த நாவலிலும் காசின் போக்குவரத்து சுவாரஸ்யமானது. பாதியிலேயே ஒப்புக்கொண்ட வேலை முடிந்துவிடுகிறது. அவனை அமர்த்திய கிழவர் ஜெனரல் ஸ்டெர்ன்வுட் 500 டாலர் அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகும் மார்லோ விடாமல் கிளறுகிறான். கிழவர் கூப்பிட்டுக் கேட்டதும் பணத்தைத் திருப்பித் தர முன்வருகிறான். கூலியின் எல்லை எங்கே முடிகிறது, அவனுடைய சொந்தப் பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்த 500 டாலர் கோடு போட்டுக் காட்டுகிறது.

சாண்ட்லர் துப்பறிவாளராக இருந்தவர் அல்ல. சிகாகோவில் பிறந்து, இங்கிலாந்தில் டல்விச் கல்லூரியில் படித்து, லாஸ் ஏஞ்சல்ஸில் எண்ணெய் நிறுவன அதிகாரியாக இருந்து, குடியால் 1932-இல் வேலை இழந்தவர். நாற்பத்து நான்கு வயதில் பத்திரிகைக் கதை எழுதக் கற்றுக்கொண்டார். இன்னொரு குற்றக்கதை எழுத்தாளரான எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் ஒரு குறுநாவலைச் சுருக்கி எழுதி வைத்துக்கொண்டு, அதைத் தன் நடையில் விரித்து எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய பயிற்சிகளில் ஒன்று. முதல் கதைக்கு ஐந்து மாதம் ஆனது. 1933 டிசம்பர் பிளாக் மாஸ்கில் வந்தது. பின்னாளில் முழுத்தாளை விட்டுவிட்டு, பன்னிரண்டு பதினைந்து வரி மட்டும் பிடிக்கும் அரைத்தாள்களில் தட்டச்சு செய்தார். ஒவ்வொரு அரைத்தாளிலும் ரசிக்க ஏதாவது இருந்தாக வேண்டும் என்பது ஒரு நோக்கம், பிடிக்காததைக் கிழித்துப் போட்டு மீண்டும் எழுதுவது சுலபம் என்பது இன்னொன்று. இன்று கணினியில் எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

நகலெடுப்பவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் சாண்ட்லரின் உவமை. வெண்மையான கேக் துண்டின் மேல் உட்கார்ந்த ராட்சதச் சிலந்தி அளவுக்குத்தான் அவன் கண்ணில் படாமல் இருந்தான் என்று ஒரு பூதாகாரமான ஆளைச் சொல்வார். அதைப் படித்துவிட்டுப் பக்கத்துக்கு நான்கு உவமை எழுதுகிறார்கள். சாண்ட்லரின் உவமைகள் பெரும்பாலும் ஆளோ இடமோ அறிமுகமாகும்போது வரும். அடி விழும்போது, சாவு நடக்கும்போது வாக்கியம் வறண்டுவிடும். அவர் 1948-இல் ஒரு கடிதத்தில் சொன்ன உதாரணம் இது: சாகப்போகிற ஒருவன் பளபளப்பான மேசையிலிருந்து ஒரு காகிதக் கிளிப்பை எடுக்கப் பார்க்கிறான். அது நழுவிக்கொண்டே இருக்கிறது. வாய் பாதி திறந்து, முகம் இறுகி, அவன் மனமெல்லாம் அந்தக் கிளிப்பில். சாவு கதவைத் தட்டியது அவனுக்குக் கேட்கவே இல்லை. வாசகருக்கு நினைவில் நிற்பது இந்த மாதிரி விஷயம்தான் என்பது அவர் வாதம், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

அவருடைய பலவீனம் கதைப்பின்னல். ‘பிக் ஸ்லீப்’ முன்பு எழுதிய சிறுகதைகளை, முக்கியமாக இரண்டை, இணைத்துக் கட்டியது. ஒட்டுப்போட்ட இடம் தெரியும். அதைப் படமெடுத்தபோது (படம் 1946-இல் வெளியானது), காரோடு கடலில் மூழ்கிக் கிடந்த ஓட்டுநரைக் கொன்றது யார் என்று படக்குழுவினர் அவரிடமே கேட்டார்கள். தனக்கும் தெரியாது என்றார். சாண்ட்லருக்கு மன்னிக்கப்பட்டது மற்றவர்களுக்கு மன்னிக்கப்படாது. குற்றத்தின் தேதிப் பட்டியலை முதலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

தன்மையில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு பொறி. ‘நான்’ பார்த்ததை மறைத்தால் அது ஏமாற்று. பார்த்ததைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தான் என்பதைச் சொல்லாமல் விடுவது விளையாட்டின் விதிக்கு உட்பட்டது. கான்டினென்டல் ஆப் இதை வழக்கமாகச் செய்வான்.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும், இதில் பலர் கோட்டை விடுகிறார்கள். தனியார் துப்பறிவாளனுக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. உரிமம் பறிபோனால் பிழைப்பு போச்சு. க்ளையண்டின் ரகசியத்தைக் காக்க வழக்கறிஞருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பும் அவனுக்கு இல்லை. ‘மால்டீஸ் ஃபால்கன்’ கதையில் ஸ்பேட் தன் வக்கீல் சிட் வைஸிடம் கேட்பதே இதைத்தான்: பாதிரியார், வக்கீல் மாதிரி நானும் க்ளையண்ட் ரகசியம் என்று சொல்லி ஒதுங்க முடியுமா? தெளிவான பதில் கிடைப்பதில்லை. ‘தி லாங் குட்பை’ (1953) நாவலில் மார்லோ வாய் திறக்க மறுத்து மூன்று நாள் சிறையில் கிடக்கிறான். அவன் மௌனத்துக்கு மதிப்பு வருவது, அதற்கு அவன் விலை கொடுப்பதால். தமிழில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் வக்கீல்களாக இருப்பது இந்தக் கோணத்தில் வேறு வகை. அவர்களுக்கு நீதிமன்றம் என்ற வீடு உண்டு. மார்லோவுக்கு அது கிடையாது.

அடிதடி பற்றிச் சுருக்கமாக. தலையில் அடிபட்டு அத்தியாயத்துக்கு ஒருமுறை மயங்கி, எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவது அந்தக் காலத்திலேயே தேய்ந்துபோன உத்தி. மூளை அப்படி வேலை செய்யாது. சில நிமிடங்களுக்கு மேல் நினைவு தப்பினாலே அது ஆபத்தான காயம். ஒரே ஒரு அடி வைத்து, அதன் வலியை நூறு பக்கத்துக்குக் கூடவே கொண்டுபோனால் பலன் அதிகம். ஹாமெட்டின் வன்முறை மிகுந்த ‘ரெட் ஹார்வெஸ்ட்’ (1929) வேறு காரணத்தால் நிற்கிறது: மதுவிலக்குக் காலத்தில் போலீஸ், முதலாளி, கள்ளச்சாராயக் கும்பல் மூன்றும் ஒன்றாகிவிட்ட ஒரு சுரங்க நகரம் எப்படி இயங்கியது என்று அது பிட்டுப் பிட்டு வைக்கிறது. அங்கேயும் ஆப் ஊழியன்தான். எத்தனை நிறுவன விதிகளையும் சட்டங்களையும் எலும்புகளையும் உடைத்தோம் என்பது தெரியாதபடி அறிக்கை எழுதுவதற்கு ஒரு வாரம் மெனக்கெடுகிறான். மேலாளர் அதற்கும் ஏமாறாமல் வாங்கு வாங்கென்று வாங்குகிறார்.

பின்னால் வந்தவர்களில், மிக்கி ஸ்பில்லேன் (1947) டேலியின் வாரிசு. விற்பனை கொடிகட்டிப் பறந்தது, அவ்வளவுதான். ராஸ் மெக்டொனால்டின் லூ ஆர்ச்சர் 1949 முதல் வருகிறான், குடும்பங்களின் முந்தைய தலைமுறைக் குற்றத்தைத் தோண்டுகிறான், அடிப்பதைவிட அதிகம் கேட்கிறான். பெயர் ‘மால்டீஸ் ஃபால்கன்’ கதையில் செத்துப்போன ஸ்பேடின் கூட்டாளியுடையது. 1982-இல் சாரா பரெட்ஸ்கி, சூ கிராஃப்டன் இருவரும் பெண் துப்பறிவாளர்களைக் கொண்டுவந்தார்கள். வால்டர் மோஸ்லியின் ஈஸி ராலின்ஸ் (1990) 1948-இன் லாஸ் ஏஞ்சல்ஸில் விமானத் தொழிற்சாலை வேலையை இழந்த கறுப்பினத்தவர். வீட்டுக் கடன் தவணை கட்ட வேண்டும், அதனால் ஒரு வெள்ளைக்காரன் தரும் தேடுதல் வேலையை ஒப்புக்கொள்கிறார். தொழில் தெரியாது, உரிமம் இல்லை. ஆனால் ஏன் அந்த வேலையைச் செய்கிறார் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது.

படிக்கும் வரிசை கேட்டால்: முதலில் கான்டினென்டல் ஆப் சிறுகதைகள் நான்கைந்து, பிறகு ‘மால்டீஸ் ஃபால்கன்’ இரண்டு தடவை. இரண்டாம் தடவை ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, காசு கைமாறும் இடங்களையும் ஸ்பேட் பொய் சொல்லும் இடங்களையும் குறித்துக்கொண்டே போங்கள். அதற்குப் பிறகு ‘பிக் ஸ்லீப்’, பிறகு மெக்டொனால்டின் ‘தி கால்டன் கேஸ்’ (1959). ‘லாங் குட்பை’ கடைசியில். அதை முதலில் படித்தால் சாண்ட்லரின் சோகம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், அது எழுத ஆரம்பிக்கிறவர்களை ரொம்பவே கெடுக்கும்.